வெயிலும் குளிரும் நகர மக்களும்



வெயிலும் குளிரும் உயிரைப் பறிப்பன எனினும், பறிக்கும் முறை வேறு. குளிரின் தீங்கு மெல்லப் புகும்; குளிர்நாள் கழிந்து சில வாரங்கள் சென்ற பின்னும் இருதய நோயாளரை அது விடாது. வெப்பமோ ஓரிரு நாளிலேயே ஆளை வீழ்த்திவிடும்.

2003 ஆகஸ்டில் பிரான்சு நாட்டில் வழக்கத்தினும் ஏறத்தாழ 15,000 பேர் மிகுதியாக மாண்டனர். பாரிஸ் நகரின் மேல்மாடிகளில், தகட்டுக் கூரைகளின்கீழ்த் தனித்து வாழ்ந்த முதியோர் பலர் அவருள் அடங்குவர். பகல் வெயில் மட்டுமா காரணம்? அன்று; இரவும் தணியவில்லை. பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்த கல்லும் தாரும் இரவில் அதனைக் கக்கின. உறக்கத்தில் ஆறவேண்டிய உடல் ஆறவே இல்லை.

நம் நாட்டு அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 பாகையை எட்டியது. அம்மாதம் வழக்கத்திற்கு மேல் 1,300க்கும் அதிகமானோர் இறந்தனர். இறப்புப் பதிவேடுகளைப் பிற ஆண்டுகளோடு ஒப்பிட்ட பிறகே இத்தொகை புலப்பட்டது. வெயில் தன் பெயரைப் பதிவேட்டில் எழுதிச் செல்வதில்லை அல்லவா? 2013இல் அந்நகராட்சி முன்னெச்சரிக்கைத் திட்டம் ஒன்றை வகுத்தது.

சென்னையில் அத்துணை வெப்பம் ஏறுவதில்லை என்று மகிழ்வதற்கில்லை. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. தகரக் கூரையின்கீழ்ப் பல்லாண்டு பாடம் சொன்ன எனக்கு இதற்கு ஆய்வுக்கூடச் சான்று வேண்டுவதில்லை.

வெயிலில் ஒருவர் உடல் சுட்டு, பேச்சுக் குழறக் கண்டால், நிழலிற் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் நீர் புகட்டலாகாது. அதற்குள் மற்றொருவர் 108 எண்ணை அழைக்கட்டும்.