வேதத்தில் ஒரு கடுஞ்சொல்



கிறித்தவ சமயத்தைப் பற்றிப் பேச அழைக்கப்படுபவர் பெரும்பாலும் குருவானவராகவோ போதகராகவோ இருப்பார். நான் அவ்விரு வகையினருள்ளும் சேர்ந்தவனல்லன். அரசினர் பாடசாலையொன்றின் அதிபர். ஞாயிறுதோறும் ஆலயத்தின் பின்வரிசை வாங்கில் அமர்ந்திருப்பவன். ஆயினும் வேதாகமத்தைப் பற்றிய கேள்விகள் என்னைத் தேடி வந்துகொண்டேயிருக்கின்றன. பேருந்துத் தரிப்பிடத்தில் கேட்பார்கள். மரண வீட்டுப் பந்தலின் கீழ்க் கேட்பார்கள். பாடசாலை விளையாட்டுப் போட்டியின்போதுங்கூடக் கேட்பார்கள். "சுவாமியாரிடம் கேட்க வெட்கமாயிருக்கிறது, நீங்கள் படித்தவர்தானே" என்பது வழக்கமான முன்னுரை. விண்ணப்பம் எழுதுவது முதல் காணி வழக்கு வரையில் எதையும் பாடசாலை அதிபரிடம் கேட்கலாம் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. அந்த வரிசையில் வேதாகமமும் சேர்ந்துவிட்டது.

கேட்பவர்கள் ஏன் வெட்கப்படவேண்டும்? கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் வேதாகமமோ கேள்வி கேட்பவர்களால் நிறைந்திருக்கிறது. தேவதூதன் செய்தி சொன்னபோது மரியாள், இது எவ்வாறு நடக்கும் என்று வினாவினாள். அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய அரசியின் அதிகாரி ஒருவர் தேரிலிருந்து ஏசாயாவின் நூலை வாசித்துக்கொண்டு போகிறார். வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டதும், ஒருவர் வழிகாட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். பெரும் பதவியிலிருந்தவர், தமக்கு விளங்கவில்லை என்று சொல்ல அவர் கூசவில்லை. பிலிப்பும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தேரில் ஏறி அருகே அமர்ந்துகொண்டார்.

இன்று பல கேள்விகளுக்கு விடை கூற நான் எண்ணவில்லை. ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதை என்னிடம் கேட்டவர் கிறித்தவரல்லர்.

முன்னர் நான் கடமையாற்றிய கிராமமொன்றில் ஒரு நாள் காலை, பிரார்த்தனைக் கூட்டம் முடிந்த வேளையில், ஒரு தாயார் என் காரியாலய வாசலில் வந்து நின்றார். நெற்றியில் திருநீறு. வெங்காயத் தோட்டங்களிலே நாட்கூலிக்கு வேலை செய்பவர்; கணவனை இழந்தவர். அவருடைய ஒரே மகன் எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அவன் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு செபக் குழுவினரோடு சேர்ந்து கிறித்தவனாகியிருந்தான். அதை அந்தத் தாயார் ஒருவாறு பொறுத்துக்கொண்டார். ஆனால் தகப்பனாரின் திவசம் நெருங்கியபோது, இனி அந்த வீட்டில் தனக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட்டு அவன் வெளியேறிவிட்டான். போகும்போது தான் கோடிட்டு வைத்திருந்த ஒரு வசனத்தை வாசித்துக் காட்டிவிட்டுப் போனானாம்.

அவர் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த சிறிய புதிய ஏற்பாட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"ஐயா, உங்கடை வேதத்திலே, தாயை வெறுக்கச் சொல்லி எழுதிக் கிடக்கோ?"

லூக்கா நற்செய்தி, பதினான்காம் அதிகாரம், இருபத்தாறாம் வசனம். தம்மிடம் வருகிறவன் தந்தையையும் தாயையும் மனைவி மக்களையும் உடன்பிறந்தாரையும் தன் உயிரையும் வெறுக்காவிட்டால் தமக்குச் சீடனாக முடியாது என்ற கருத்தில் இயேசு கூறிய சொல். கோடு அழுத்தமாக இடப்பட்டிருந்தது, தாள் கிழிந்துவிடுமளவுக்கு.

நான் படித்தவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "அம்மா, அதற்கு அப்படிப் பொருளில்லை."

"அப்படிப் பொருளில்லையெண்டால், ஏன் ஐயா அப்படி எழுதி வைச்சவை?"

நேயர்களே, எனக்கு விடை தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாக அவ்வசனத்தை வாசித்தும் கேட்டும் வந்திருக்கிறேன். அதன் மீது ஒரு முறையேனும் கால் இடறி நின்றதில்லை. வெறுக்கச் சொல்லப்பட்ட ஒரு தாய் எதிரே நிற்கும்போதுதான் அது இடறிற்று. நாளை மறுநாள் வரும்படி சொல்லி அவரை அனுப்பினேன்.

அன்றிரவு நான் செய்தது பெரிய ஆராய்ச்சியன்று. முதலில் அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை வாசித்தேன். கோடிட்டு வாசிப்பவர்கள் பெரும்பாலும் செய்யாத வேலை இது. பெருந்திரளான மக்கள் இயேசுவின் பின்னே போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர் திரும்பி நின்று இதைச் சொல்கிறார். உடனே இரண்டு கதைகள் வருகின்றன. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பாராமல் அத்திவாரம் போடுவானா? 10,000 பேரோடு இருக்கும் அரசன், 20,000 பேரோடு வருபவனை எதிர்க்க முடியுமா என்று ஆலோசியாமல் போருக்குப் போவானா? ஆகவே, கூட்டத்தோடு கூட்டமாக வருபவர்களை நிறுத்தி, இந்த வழிக்கு என்ன விலை என்று எண்ணிப்பார்க்கச் சொல்லும் இடம் இது. குடும்பத்தாரை எப்படி நடத்துவது என்று போதிக்கும் இடமன்று. அன்றியும் அந்தப் பட்டியலில் ஒருவனுடைய சொந்த உயிரும் இருக்கிறது. தன்னைப்போல் அயலானை நேசி என்று போதித்தவர், தன்னையே பகைத்துக்கொள் என்று நேர்பொருளில் சொல்லியிருக்க முடியாது.

அடுத்து, இதே போதனையை மத்தேயு எவ்வாறு எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். பத்தாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அங்கே 'வெறுத்தல்' இல்லை. தாய் தந்தையரைத் தம்மிலும் அதிகமாக நேசிப்பவன் தமக்கு ஏற்றவனல்லன் என்ற அளவில் நிற்கிறது. அப்படியாயின் 'வெறுத்தல்' என்பது 'குறைவாக நேசித்தல்' தானா? அல்லது சங்கடமான சொல்லை மழுப்புவதற்காக நாங்கள் கண்டுபிடித்த சாக்குத்தானா?

இதற்கு விடை ஆதியாகமத்தில் கிடைத்தது. யாக்கோபுக்கு இரு மனைவியர், லேயாள், ராகேல். இருபத்தொன்பதாம் அதிகாரத்தில், லேயாளைப் பார்க்கிலும் ராகேலை அவன் அதிகமாய் நேசித்தான் என்று ஒரு வசனம் சொல்கிறது. அடுத்த வசனத்திலேயே, 1611 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், லேயாள் 'வெறுக்கப்பட்டாள்' என்று வருகிறது. எபிரேய மூலத்திலும் அச்சொல்லே. ஒரே செய்தியை முதலில் 'இவளைவிட அவளை அதிகம் நேசித்தான்' என்றும், பின்னர் 'இவளை வெறுத்தான்' என்றும் கூறுவது அம்மொழியின் வழக்கு. இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றையதை வெறுத்ததாகச் சொல்வார்கள். இனி, எங்கள் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் பாருங்கள். அதே இடத்தில் லேயாள் 'அற்பமாய் எண்ணப்பட்டாள்' என்று வைத்திருக்கிறார்கள்! எபிரேய வழக்கை அறிந்து, தமிழ்க் காதுக்கு ஏற்பப் பொருளை மாற்றித் தந்திருக்கிறார்கள். லூக்காவுக்கு வந்தபோதோ 'வெறுத்தல்' என்பதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சொல்லைத் தருவதா, பொருளைத் தருவதா என்பது மொழிபெயர்ப்பாளரின் பழைய தலைவலி. தமிழில் புதிய ஏற்பாடு 1715 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரால் அச்சிடப்பட்டு முடிந்தது. அதன் பின்னர் எத்தனையோ திருத்தங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் இதிலே ஒரு பங்குண்டு. பேர்சிவல் பாதிரியார் 1850 ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். நாவலர் வாழ்நாள் முழுதும் சைவர். பின்னாளில் கிறித்தவத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதியவர். ஆயினும் அந்த வேலையைச் செய்த காலத்தில் அந்நூலின் சொற்களை அவர் அக்கறையோடு நிறுத்துப் பார்த்தார். திருநீறு அணிந்த ஒரு தாயார் வேதாகமத்தைப் பற்றிக் கேட்க உரிமையுடையவரா என்று எவரேனும் ஐயுற்றால், எனக்கு நாவலருடைய நினைவு வரும்.

1871 ஆம் ஆண்டில் வெளிவந்த திருப்புதலே இன்றும் சீர்திருத்தச் சபையார் பலருடைய கையில் உள்ளது. கத்தோலிக்கரும் மற்றையோரும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பு 1995 ஆம் ஆண்டில் வந்தது. அதில் லூக்காவின் இவ்விடத்தில் 'வெறுத்தல்' இல்லை. தம்மைவிட மேலாகக் கருதுவதைப் பற்றியே பேசப்படுகிறது. எது சிறந்தது என்று கேட்பீர்கள். புதியது முள்ளைப் பிடுங்கித் தருகிறது. பழையது முள்ளோடு தருகிறது. தனியே இருந்து வாசிக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்குப் புதியதைக் கொடுப்பேன். எனக்கு இரண்டும் வேண்டும். தமிழிலேயே சொற்கள் இடம் மாறுவதுண்டல்லவா? பழஞ்செய்யுளில் 'வெறுக்கை' என்றால் மிகுதி, செல்வம் என்று பொருள். இன்றைய மாணவனிடம் கேட்டால் என்ன சொல்வான்?

இன்னும் இரண்டு இடங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டோம் என்று சொல்லி அவர்களைக் கைவிடுபவர்களை இயேசு கண்டித்தது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயாரை ஒரு சீடனிடம் ஒப்படைத்தது யோவான் பத்தொன்பதில் இருக்கிறது.

குறித்த நாளில் தாயார் வந்தார். பையனையும் வகுப்பிலிருந்து அழைப்பித்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் பிரசங்கம் செய்யவில்லை. புத்தகத்தை அவன் பக்கமாகத் திருப்பி, "தம்பி, நீர் கோடு போட்ட இடத்துக்கு மேலேயும் கீழேயும் வாசியும்" என்றேன். வாசித்தான். பின்னர் ஒவ்வோரிடமாக வாசித்தான். மாற்கு ஏழில் அவன் குரல் தணிந்தது.

ஆனால் அவன் எளிதில் விடுகிறவனல்லன். "சேர், அப்படியெண்டால் அந்த வசனம் ஒண்டுமில்லையோ? எல்லாத்தையும் சுகமாய் மாத்திப்போட்டால், ஏன் சிலுவை எடுக்கச் சொன்னவர்?"

நல்ல கேள்வி. அவனிடத்தில் எனக்கு மதிப்பு உண்டான கணம் அதுதான். வசனம் ஒன்றுமில்லாமற் போகவில்லை என்றேன். கடவுள் ஒன்று சொல்ல, வீட்டார் வேறொன்று சொன்னால், யாருடைய சொல்லுக்கு முதலிடம் என்ற கேள்வி அதில் இருக்கத்தான் செய்கிறது. அதற்காக வீட்டை இழந்தவர்கள் முதல் நூற்றாண்டிலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். "உம்முடைய அம்மா உம்மைச் செபிக்க வேண்டாமென்று தடுத்தாரா?" என்று கேட்டேன். அவன் பேசாமலிருந்தான். தாயார்தான் சொன்னார்: "நான் ஒண்டும் தடுக்கேல்லை, ஐயா. திவசத்தண்டு வீட்டிலே வந்து சாப்பிடு எண்டுதான் சொன்னனான்."

திவசத்தில் கிறித்தவன் கலந்துகொள்ளலாமா என்பதில் சபைகளுக்கிடையே ஒருமித்த வழக்கமில்லை. என் கருத்தை அவன் கேட்டான். உமது மனச்சாட்சி இடந்தராத கிரியையைச் செய்யவேண்டாம், ஆனால் தகப்பனாரை நினைக்கும் நாளில் தாயைத் தனியே விடுவதற்கு அந்த வசனத்தைச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம் என்றேன். இதை ஏற்காத போதகர்கள் இருப்பார்கள். இருக்கட்டும்.

திவசத்தன்று அவன் போயிருக்கிறான். கிரியைகளைச் சிறிய தகப்பனார் செய்தார். இவன் கிணற்றில் தண்ணீர் அள்ளினான், வாழையிலை வெட்டினான், பந்தியில் சோறு பரிமாறினான். இதெல்லாம் தாயார் சொல்லி அறிந்தவை. செபக் குழுவை அவன் விடவில்லை, வீட்டுக்கும் திரும்பிவிட்டான். இரவில் விளக்கடியில் வேதாகமத்தை உரத்து வாசிப்பானாம். தாயார் வெங்காயம் பின்னிக்கொண்டு கேட்டிருப்பாராம்.

சில வாரங்களின் பின்னர் அவர் மறுபடியும் வந்தார். இம்முறை திராட்சைத் தோட்டக் கதை. விடியற்காலையில் வந்தவனுக்கும், வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கையில் வந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலியாக ஒரு தெனாரியம் கொடுத்த கதை. அது அக்காலத்தில் ஒரு நாட்கூலி. மத்தேயு இருபதாம் அதிகாரம். படித்தவர்கள் பலர் என்னிடம் இது அநீதியல்லவா என்று கேட்ட கதை. நானும் அருளைப் பற்றி நீண்ட விளக்கம் சொல்ல ஆயத்தமானேன்.

"இல்லை ஐயா, அதை விளங்கிக்கொண்டன்," என்றார். "பின்னேரம் மட்டும் ஒருத்தரும் கூப்பிடாமல் சந்தியிலே நிக்கிறதுதான் வேலையிலும் பெரிய வேலை. அவன்ரை வீட்டிலேயும் உலை வைக்கத்தானே வேணும். நான் கேக்க வந்தது வேறை. முதல் வந்தவை முணுமுணுத்துப்போட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்தவையோ, வரேல்லையோ? அதை ஏன் எழுதேல்லை?"

அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். எழுதப்படவில்லைதான். அதற்குள் முதலாம் பாடத்துக்கு மணி அடித்துவிட்டது. அவருக்கும் தோட்டத்துக்கு நேரமாகிவிட்டது.