தமஸ்கு நகரின் ரிம்மோன் கோயில்

பாலைநிலத்தின் விளிம்பிலே, பரதா ஆற்றின் நீரால் வளம்பெற்று விளங்கும் பழம்பதி தமஸ்கு. இற்றைக்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நகரில் அரசு செலுத்தியவர் அரமேயர். இடிக்கும் மழைக்கும் அதிபதியாக அவர்கள் போற்றிய தெய்வம் ஹதாத். அத்தெய்வத்தையே விவிலியம் ரிம்மோன் என்னும் பெயரால் வழங்குகின்றது.

ரிம்மோன் கோயிலை உலகம் மறவாதிருப்பதற்குக் காரணம், நாகமானின் கதையாகும். சீரிய மன்னனின் படைத்தலைவனாகிய அவன் தொழுநோயால் வருந்தினான். சிறைப்பிடிக்கப்பட்டு வந்த இஸ்ரவேற் சிறுமியொருத்தியின் சொற்கேட்டு, எலிசா தீர்க்கதரிசியை நாடிச் சென்றான். யோர்தானில் ஏழுமுறை மூழ்குமாறு அவர் பணித்தார். தமஸ்குவின் ஆறுகள் யோர்தானிலும் தாழ்ந்தனவோ என்று முதலிற் சினந்தவன், பின்னர் ஏவலாளர் வேண்ட மூழ்கி எழுந்தான், நோய் நீங்கிற்று.

அப்பொழுது அவன் இரண்டு வரங்களை வேண்டினான். இஸ்ரவேலின் கடவுளைத் தன் ஊரில் வழிபடுதற்கு, இரு கோவேறு கழுதைகள் சுமக்குமளவு மண் வேண்டுமென்பது ஒன்று. மற்றையது அரியது: மன்னன் தன் கையிற் சாய்ந்து ரிம்மோன் கோயிலிற் பணியும்போது தானும் குனிய நேரும், அது பொறுக்கப்படல் வேண்டும் என்பது. எலிசா அவனைக் கடியவில்லை. சமாதானத்தோடு போகுமாறு விடைகொடுத்தார். கடமைக்கும் மனச்சான்றுக்குமிடையே அகப்பட்ட ஒருவனின் துயரை அக்கோயில் இவ்வாறு என்றும் நினைவூட்டி நிற்கின்றது.

கி.மு. 732இல் அசீரிய மன்னன் திகிலாத் பிலேசர் தமஸ்குவைக் கைப்பற்றினான். அவனைக் காணச் சென்ற யூதாவின் மன்னன் ஆகாஸ், அங்கிருந்த பலிபீடமொன்றைக் கண்டு, அதன் மாதிரியை அனுப்பி எருசலேமிலும் அவ்வாறே அமைப்பித்தான். அரமேயர் அரசு வீழ்ந்தது, தொழுமிடம் அழியவில்லை. ஹதாத்தின் இடத்திலே உரோமர் யூப்பிற்றர் கோயிலை எழுப்பினர் என்பது அறிஞர் கருத்து. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அது கிறித்தவ ஆலயமாயிற்று. கலீபா வலீத் 706 முதல் 715 வரையில் அங்கே உமையாப் பெரும்பள்ளிவாசலைக் கட்டுவித்தார்.

கட்டட வேலையின்போது நிலவறையொன்றில் ஸ்நானக யோவானின் சிரம் காணப்பட்டதென்பது மரபுக்கதை. முஸ்லிம்கள் யஹ்யா நபியெனப் போற்றும் அப்பெரியாரின் அடக்கத்தலம் பள்ளிவாசலினுள்ளேயே உளது. 2001ஆம் ஆண்டிற் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கு சென்றார். தென்மதிலின் பழைய வாயிலின்மீது, கிறித்துவின் அரசைப் போற்றும் கிரேக்க வாசகம் இன்றும் காணப்படுகின்றது.

அரமேயரின் கோயிலோ கண்ணுக்குத் தோன்றவில்லை. சிறகுடைய ஸ்பிங்சின் உருவம் செதுக்கிய கருங்கற் பலகையொன்று, பள்ளிவாசலின் மதிற்புறத்திற் கண்டெடுக்கப்பட்டு, அதற்குச் சான்று பகர்கின்றது. மக்கள் இன்னும் தொழுகின்ற நிலமாதலின், அதனை முற்றாக அகழ்ந்து பார்த்தல் எளிதன்று.

தெய்வத்தைத் தொழுதற்கு அயல்நாட்டு மண்ணைச் சுமந்து சென்றான் நாகமான். அவன் மனமின்றிக் குனிந்த மண்ணிலோ, தெய்வத்தின் பெயர் பலமுறை மாறியும், தலைகள் இன்றளவும் தாழ்ந்து வணங்குகின்றன.