சாதித் தடையும் மூலதனக் குறையும்



இந்தச் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாஸ் அமைத்தது. நாஞ்சில் நாட்டு நெல்லும் பாண்டி நாட்டுச் சரக்கும் வந்திறங்க, தமிழ் வணிகர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தழைத்தனர். ஆனால், வாங்குவோர் அனைவருக்கும் சந்தை திறந்திருக்கும் என்னும் பொருளாதார நூல்களின் விதி திருவிதாங்கூரில் நெடுங்காலம் செல்லுபடியாகவில்லை. புலையர், பறையர் முதலிய மக்கள் பொதுவழியில் நடக்கவும் கடையை நெருங்கவும் தடை இருந்தது. தொலைவில் நின்று, காசைத் தரையில் வைத்து விலகி, கொடுத்த சரக்கைக் கொடுத்த அளவில் எடுத்துச் செல்ல வேண்டும். பேரம் பேச வழியில்லாதவருக்குச் சந்தை விலை ஏது? கடைக்காரருக்கும் இதனால் வாடிக்கை குறைந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றது இந்தத் தடையை மீறித்தான். பின்னர், புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்குவதில்லை என உழைப்பாளர்கள் அவர் தலைமையில் உறுதி பூண்டனர். வயல்கள் தரிசாகக் கிடந்தன. ஒதுக்கப்பட்டவரின் உழைப்பின்மீதே நாட்டின் விளைச்சல் நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும், வழி திறந்தால் மட்டும் செல்வம் சேர்ந்துவிடாது. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் சுமார் 12.8 இலட்சம் மக்களில் 1.65 இலட்சம் பேர் அடிமைகள். 1855இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பத்தாண்டு கழித்து, 1865இல், பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசு நிலக் குத்தகையாளர்களை உரிமையாளர்களாக்கியது. கூலியாளுக்கு அதில் இடமில்லை. 1970 ஜனவரி முதல் நாள் கேரளத்தில் குத்தகை முறையே ஒழிக்கப்பட்டது. அப்போதும் விளைநிலம் குத்தகையாளருக்கே சென்றது. குடிகிடப்புக்காரருக்குக் கிடைத்தது கிராமத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 என்ற அளவிலான குடியிருப்பு மனை. இதைச் சிறுமைப்படுத்துவதற்கில்லை, குடியிறக்கப்படும் அச்சம் நீங்கியது பெரும்பேறே. ஆனால், விளைநிலம் பெற்ற குடும்பத்தில் அது மகனின் கல்விக்கும் வளைகுடாப் பயணத்திற்கும் கடை முதலுக்கும் ஈடாயிற்று. 10 சென்ட் மனையின்மீது அத்தனையும் ஏற்ற முடியாது. ஒரே சட்டம் இருவேறு மூலதன வரலாறுகளை எழுதியது.

மனிதத் திறனிலும் இழப்பு உண்டு. இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பேட்டையில் 1863இல் பிறந்த டாக்டர் பல்ப்பு, சென்னையில் மருத்துவம் பயின்றும், ஈழவர் என்பதால் திருவிதாங்கூர் அரசுப் பணி பெறவில்லை. அவர் மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். பெங்களூரின் பிளேக் நோயாளிகள் அவரால் பயனடைந்தனர். படிப்புக்கான செலவு திருவிதாங்கூர்க் குடும்பத்துக்கு, பலன் மைசூருக்கு!

நிறவேற்றுமை மிகுந்த அமெரிக்காவில் இந்த இழப்பை அளந்தும் பார்த்துள்ளனர். 1960இல் அங்கு மருத்துவர், வழக்கறிஞர்களில் 94 விழுக்காட்டினர் வெள்ளை ஆடவர். 2010இல் அது 62 ஆகக் குறைந்தது. அந்த ஐம்பதாண்டுகளில் தலைக்கான உற்பத்தி வளர்ச்சியில் 20 முதல் 40 விழுக்காடு வரை, பெண்களும் கறுப்பினத்தவரும் தம் திறனுக்கேற்ற தொழிலை அடைந்ததன் விளைவு என 2019இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆயினும் சொத்து இடைவெளி நீங்கவில்லை: 2022இல் இடைநிலை வெள்ளையர் குடும்பத்தின் சொத்து, கறுப்பினக் குடும்பத்தினுடையதைப்போல ஏறத்தாழ 6 மடங்கு.

நமது நாட்டில் 2012ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணை, மத்திய அரசுத் துறைகளின் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு ஒதுக்கியது. ஆண்டுகள் பல கடந்தும் இந்த அளவு எட்டப்படவில்லை. ஆர்டரை நிறைவேற்றச் சரக்கும், சரக்கை வாங்க முதலும் வேண்டும். அந்த முதல்தான் 1865இலும் 1970இலும் இவர்களுக்கு வாய்க்கவில்லை. வங்கி ஈடு கேட்கிறது. மொத்த வணிகரோ தெரிந்த குடும்பத்தாருக்கே தவணையில் சரக்கு தருகிறார். வங்கியின் ஈட்டு விதியை அரசு தளர்த்தலாம். முதல் தலைமுறையாகக் கடை திறப்பவருக்கு முப்பது நாள் தவணை தருவது சாலைத் தெரு மண்டிக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.