மூக்கு உரைக்கும் செய்தி
(தோட்ட மக்களுக்கு ஆற்றப்பட்ட உரை)



தீபாவளிக்குத் துணிமணி வாங்கவும், உற்றார் உறவினரைக் காணவும் நம்மவர் பலர் சிங்கப்பூருக்குச் சென்று வருவதுண்டு. அங்கே சிராங்கூன் சாலையில் கால் வைத்ததும், பூக்கடைகளில் மல்லிகை, தேக்காச் சந்தையில் மீனும் கறிவேப்பிலையும், மளிகைக் கடைகளில் மிளகும் கிராம்பும், கோயில் வாயிலில் சாம்பிராணி என்று பற்பல மணங்கள் நம்மை எதிர்கொள்கின்றன. அம்மல்லிகையே ஒருநாள் அழுகிய முட்டையைப் போல நாறினால் நம் நிலை என்னவாகும்? இது வெறுங்கற்பனையன்று, அண்மைக் காலத்தில் உலகெங்கும் பலருக்கு நேர்ந்த துன்பமாகும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கியிருந்த விடுதிகளில் கோவிட்-19 நோய் விரைந்து பரவிற்று. அவ்விடுதிவாசிகளுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினரை அந்நோய் தொட்டிருந்தது என்று அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற உழைப்பாளர் பலரும் அவ்விடுதிகளில் இருந்தனர். மணம் அறியும் ஆற்றல் திடீரென மறைவது அந்நோயின் அடையாளங்களுள் ஒன்று என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. ஆற்றல் திரும்பியபோது சிலருக்குக் காப்பி, வெங்காயம், பூண்டு, பொரித்த இறைச்சி ஆகியவை கருகிய நாற்றமாகவும் அழுகிய நாற்றமாகவும் தோன்றின.

இதன் காரணம் யாது? மூக்கின் மேற்பகுதியில், அஞ்சல் தலை அளவே உள்ள மெல்லிய தோலில் மணம் அறியும் நரம்பணுக்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 400 வகை ஏற்பிகளைக் கொண்டு அவை மணங்களைப் பிரித்தறிந்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. இவ்வேற்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ரிச்சர்ட் ஆக்சல், லிண்டா பக் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். நச்சுயிரியால் கெட்ட அணுக்கள் மீண்டும் வளரும்போது, மூளைக்குச் செல்லும் இணைப்புகள் முதலில் தாறுமாறாக அமையக்கூடும். அதனாலேயே நல்ல மணம் தீய நாற்றமாகத் திரிந்து தோன்றுகிறது.

தோட்டத்தில் வாழும் நமக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒட்டுப்பாலின் நாற்றத்திலும், பாலில் கலக்கும் அமோனியாவின் நெடியிலும் நாள்தோறும் உழலுகின்றோம். ஒரே நாற்றம் நீடித்தால் மூக்கு சிறிது நேரத்தில் அதனை உணராமல் விட்டுவிடும், இஃது இயற்கை. ஆனால் இப்பழக்கத்தின் காரணமாக, மூக்கில் தோன்றும் எந்த நாற்றத்தையும் "எல்லாம் தோட்டத்து நாற்றந்தான்" என்று ஒதுக்கிவிடுகின்றோம். அவ்வாறு ஒதுக்குமுன், மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது, அந்நாற்றம் அருகில் இருப்போருக்கும் தெரிகிறதா? இரண்டாவது, அது ஒரு நாசியில் மட்டும் உள்ளதா? மூன்றாவது, அது சில நொடிகளில் மறைகிறதா, நாள் முழுவதும் நீடிக்கிறதா?

ஒரு நாசியில் மட்டும் துர்நாற்றமும் சளியும் காணப்பட்டால், முகவெலும்பின் காற்றறைகளில் சீழ் கட்டியிருக்கலாம். மேல் கடைவாய்ப்பல் சொத்தையாகி, அதன் வேரிலிருந்து சீழ் அவ்வறைக்குள் பரவுவதும் உண்டு. பல்லைக் கவனியாமல் மூக்குக்கு மட்டும் மருந்திடுவதால் அந்நோய் தீராது. மூக்கடைப்புடன் இரத்தம் கலந்த சளியோ, கழுத்தில் கட்டியோ காணப்பட்டால் தாமதிக்கவே கூடாது.

சிறு குழந்தைக்கு இவ்வாறு ஒரு நாசியில் நாற்றம் வீசினால், தாய்மார்கள் "அழுக்குப் பிள்ளை" என்று கடிந்துகொள்ள வேண்டாம். பயறோ, அழிப்பான் துண்டோ மூக்கினுள் சிக்கியிருக்கக்கூடும். அதனைக் கொண்டை ஊசியால் குத்தி எடுக்க முயன்றால் அது மேலும் உள்ளே போய்விடும். விளையாட்டுப் பொருள்களில் உள்ள பொத்தான் போன்ற மின்கலம் சிக்கியிருந்தாலோ, சில மணி நேரத்திலேயே மூக்கின் உட்சுவரை அரித்துவிடும். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுதல் வேண்டும்.

எவருக்கும் தெரியாத நாற்றம், குறிப்பாக ரப்பர் கருகுவது போன்ற நாற்றம், திடீரெனத் தோன்றிச் சில நொடிகளில் மறையுமாயின், அது ஒருவகை வலிப்பு நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அதன்பின் சற்று நேரம் நினைவு மங்குவதும், வாய் தானாக அசைவதும் உண்டு. ஒற்றைத் தலைவலி, தலையில் பட்ட அடி, அரிதாக மூளையில் வளரும் கட்டி ஆகியவற்றாலும் இல்லாத நாற்றம் தோன்றும். இதனைப் பேய் என்றும் செய்வினை என்றும் எண்ணி நாள்களைக் கடத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

இனி, சிகிச்சையைக் காண்போம். சளியடைப்புக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுதல் நன்று. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போதும். அந்நீர் நன்கு கொதிக்கவைத்து ஆறியதாக இருத்தல் இன்றியமையாதது. ஆற்று நீரோ பச்சைக் குழாய் நீரோ ஆகாது, ஏனெனில் அதிலுள்ள நுண்ணுயிர் அரிதாக மூளையையும் தாக்கக்கூடும். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் பயன்படுத்தினால், அதுவே அடைப்பை மிகுவிக்கும்.

மணம் இழந்தோருக்கும் திரிந்த மணத்தால் வருந்துவோருக்கும் ஓர் எளிய பயிற்சி உண்டு. ஜெர்மானிய மருத்துவர் தாமஸ் ஹும்மலும் அவர்தம் குழுவினரும் 2009ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களையும், காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 10 நொடி, மனத்தை ஒருமுகப்படுத்தி முகர வேண்டும். குறைந்தது 12 வாரம் இடைவிடாது செய்தல் வேண்டும். தைலத்தை மூக்கினுள் இடலாகாது. இந்நான்கு பொருளும் சிராங்கூன் சாலையில் மட்டுமன்றி, நம் ஊர்க் கடைகளிலும் சிறுவிலைக்குக் கிடைப்பவையே. பயன் மெதுவாகத் தெரியும். எல்லோருக்கும் முழுப் பயன் கிட்டும் என்று கூறுவதற்கில்லை. எனினும் கேடு விளைவிக்காத முறை இது.

மணம் அறியாதவர் வீட்டில் எரிவாயு கசிந்தாலும், சோறு ஊசிப்போனாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே, அவர் தம் குறையை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். அடுப்பையும் உணவையும் பிறர் சோதித்துக் கொடுத்தல் வேண்டும். அமோனியாவைக் கையாளும் தோழர்கள் தக்க முகக்கவசம் அணிதலும், புகைப்பிடிப்போர் அப்பழக்கத்தைக் கைவிடுதலும் மூக்குக்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.

தோழர்களே, மூக்கின் குறையைச் சொல்வதற்கு நாணங்கொள்ளத் தேவையில்லை. வழக்கமில்லாத நாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தோட்ட மருந்தகத்திலோ அரசாங்க மருத்துவமனையிலோ அதனை எடுத்துரையுங்கள். மேலே கூறிய மூன்று கேள்விகளுக்கும் விடையை நினைவில் வைத்துச் சென்றால், மருத்துவரின் வேலையில் பாதி அப்போதே முடிந்துவிடும்.