டம்ளர், வட்டில், பாய்



‘வடிவமைப்பும் வாழ்நாள் கல்வியும்’ என்று இந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரு சின்னப் பொருளிலிருந்து தொடங்குகிறேன். இந்த மேசைமேல் எனக்காக ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். இதோ, தூக்கிக் காட்டுகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, நன்றாகப் பாருங்கள். இதன் வயிறு ஏன் உருண்டிருக்கிறது? கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கிறது? வாய் ஏன் வெளிப்பக்கமாக மடிந்திருக்கிறது? கழுத்து ஒடுங்கியிருப்பதால் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தண்ணீர் தளும்பிச் சிந்துவதில்லை. வாய் மடிந்திருப்பதால் விரல்களுக்கு அதன் அடியில் ஒரு பிடி கிடைக்கிறது. ஈரக் கையிலும் நழுவுவதில்லை.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்கள் வடிவமைத்த நாற்காலிகள் உலகப் புகழ் பெற்றவை. இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்புக் கல்வி நிறுவனம் உருவானதற்கு அந்த அறிக்கையே அடிப்படை. இந்தியாவில் பார்த்த பொருள்களுக்குள் அவர்கள் தலையில் தூக்கிவைத்துப் பாராட்டியது எதை என்று நினைக்கிறீர்கள்? வடநாட்டில் லோட்டா என்று சொல்லும் செம்பைத்தான்! பாராட்டியதோடு நிற்கவில்லை. அதைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி அடுக்கினார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? இடுப்பில் எடுத்துப் போவார்களா, தலையிலா, கையிலா? நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கும், காலியாக இருக்கும்போது எப்படி நிற்கும்? சூடாக இருந்தால் கைக்கு எப்படி இருக்கும்? ஊற்றும்போது என்ன சத்தம் வரும்? உலகம் மதித்த இரண்டு பேர் ஒரு செம்பின் முன்னால் மாணவர்களாக உட்கார்ந்தார்கள்.

நாமோ அந்தச் செம்பில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? பழகிய பொருள் கண்ணில் படுவதில்லை, நண்பர்களே. அதை மறுபடியும் கண்ணில் பட வைப்பதற்குப் பெயர்தான் ஆர்வம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பாட்டியிடம் கற்றுக்கொண்டேன்.

நான் வடிவமைப்புத் தொழிலுக்கு வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்த நேரம். ஒரு மருத்துவமனைக்காக மாத்திரை கவர் வடிவமைத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் படங்கள் வரைந்தேன். காலைக்கு, மலைக்குப் பின்னால் எழும் சூரியன். மதியத்துக்கு, உச்சிச் சூரியன். இரவுக்கு, பிறை நிலா. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அச்சடித்தும் வந்துவிட்டது.

ஒரு நாள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கவரை வாங்கிக்கொண்டு ஒரு பாட்டி திரும்பினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ‘இதை எப்பப் போடுவீங்க பாட்டி?’ என்று கேட்டேன். கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மலையையும் பாதிச் சூரியனையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘இதா? பொழுது சாயுறப்பப் போடணும் தாயி’ என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது காலையில் போட வேண்டிய மாத்திரை! எழுகிற சூரியனும் விழுகிற சூரியனும் படத்தில் ஒன்றுதானே? எனக்கு ஏன் அது தெரியாமல் போனது? வரைந்தவள் நான்; என் மனசுக்குள் அது எழுந்துகொண்டிருந்தது. பாட்டியின் கண்ணுக்கு அது விழுந்துகொண்டிருந்தது. பல வாரம் நிறத்தைப் பற்றி யோசித்தேன், கோட்டின் கனத்தைப் பற்றி யோசித்தேன். அந்த மாத்திரையைப் போடப்போகிற ஒருவரிடமாவது கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

‘அப்ப எப்படிப் போட்டாப் புரியும், நீங்களே சொல்லுங்க’ என்றேன். பாட்டி அதிகம் யோசிக்கவில்லை. ‘காலையில காப்பித்தண்ணி குடிப்போம், ஒரு டம்ளரைப் போடு. மத்தியானம் சோறு திம்போம், ஒரு வட்டிலைப் போடு. ராத்திரி படுக்கப் போவோம், ஒரு பாயைப் போடு. சூரியன் எங்கிட்டு இருந்தா எனக்கென்ன தாயி?’ நான் வானத்தைப் பார்த்து வரைந்தேன். பாட்டி வீட்டைப் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பாட்டியைப் போலப் புதிதாகப் படிப்பவருக்குத்தான் பாதையில் கல் எங்கே கிடக்கிறது என்று தெரியும். நம் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஓலைகளில் ‘கெ’ என்பதையும் ‘கே’ என்பதையும் ஒரே மாதிரி எழுதுவார்கள். இடம் பார்த்து, பொருள் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். பழகியவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. 1710-ல் இத்தாலியிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதில் தமிழில் அ, ஆ என்று தொடங்கினார். அவரைத்தான் வீரமாமுனிவர் என்கிறோம். நெட்டெழுத்துக்கு இரட்டைச் சுழிக் கொம்பு போட்டுப் பிரித்துக் காட்டும் சீர்திருத்தம் அவருடையது. இன்றைக்கு முதல் வகுப்புக் குழந்தை ‘கே’ என்று எழுதும்போது, முப்பது வயதில் மாணவரான ஒருவரின் பாடம் அந்தச் சுழியில் இருக்கிறது. அதற்குப் பிறகும் நம் எழுத்து அப்படியே நின்றுவிடவில்லை. பெரியார் 1935-ல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளில் பல, 1978-ல் தமிழக அரசின் ஆணையாக வந்தன. எழுத்துக்கே படிப்பு முடியவில்லை. நமக்கு எப்படி முடியும்?

கற்றவர் கேட்பது இன்னும் கடினம். உ.வே. சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அவரிடம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. இருபத்தைந்து வயது ஆசிரியருக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்கலாம். அவருக்குத் தாகம் வந்தது. ஏட்டைப் பிரித்தார், புரியவில்லை. அது சமணக் காப்பியம். உடனே கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிப் போய், அவர்கள் வழக்கத்தையும் சொல்லையும் அவர்களிடமே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. புத்தகத்தில் கிடைக்காத பொருள், அதை வாழ்கிறவர்கள் வீட்டில் கிடைத்தது. என் பாட்டி சொன்ன பாடமும் அதுதான்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டால், ‘தொணதொணக்காதே’ என்று சொல்லிவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், ‘எனக்கும் தெரியல, வா, யாரையாவது கேட்போம்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில், பெரியவர்களும் கற்றுக்கொள்வார்கள் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கேட்பதற்கு ஆள் கிடைக்கவில்லையா? இந்த நூலகத்துக்கு அழைத்து வாருங்கள். படைப்பாற்றல் என்பது வானத்திலிருந்து சிலருக்கு மட்டும் விழும் வரம் என்று நான் நம்பவில்லை. கேட்டுவந்த பதிலை மடியில் வைத்துக்கொண்டு, கை சலிக்காமல் உட்கார்ந்து வேலை செய்தால், அது யாருக்கும் வரும்.

பாட்டியின் கதையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அன்றைக்குப் புறப்படும்போது அவர், ‘போட்டுட்டுக் கொண்டாந்து காட்டு’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அடுத்து மருந்து வாங்க வரும் நாளில், டம்ளரும் வட்டிலும் பாயும் வரைந்த தாளோடு போய் நின்றேன். டம்ளரைப் பார்த்தார், தலையாட்டினார். வட்டிலைப் பார்த்தார், தலையாட்டினார். பாயைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். சுருட்டிச் சுவரில் சாய்த்த பாய் ஒன்றை நான் அழகாக வரைந்திருந்தேன்.

‘சுருட்டி வச்சா விடிஞ்சிருச்சுன்னு அர்த்தம் தாயி. ராத்திரின்னா விரிச்சுப் போடு.’

அன்று நான் பாயை விரித்துப் போட்டேன். இன்றும் எந்த வேலை முடிந்தாலும், அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் எங்கேயோ ஒரு பாய் சுருட்டியபடியே இருக்கிறது. அதை விரிக்கச் சொல்லித் தருகிற ஒருவர் எனக்குக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கும் கிடைக்கட்டும்.