பழி சொல்லுமுன் இரத்தத்தைப் பாருங்கள்

கல்முனை மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை



எங்கள் மலைத்தோட்டத்திலும் சரி, இந்தக் கரையோரத்திலும் சரி, பிள்ளை தங்காவிட்டால் பழி பெண்ணின் தலையில்தான். "கூடை சுமந்தாள், அதனால் கலைந்தது" என்கிறோம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் கலைபவை. அது யாருடைய குற்றமும் அல்ல.

சில காரணங்கள் ஹோர்மோனில் இருக்கும். தைரொய்ட் சுரப்பு குறைந்தால் மாதவிடாய் குழம்பும், கருவும் கலையலாம். டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை அதைக் காட்டும், மாத்திரையால் சரிப்படுத்தலாம். புரோலக்டின் கூடினால் முட்டை வெளிவராது. மாதவிடாய் அடிக்கடி தள்ளிப்போனால் சூலக நீர்க்கட்டிகளைப் பார்க்க வேண்டும். முட்டை வெளியானதா என்பதைப் புரொஜெஸ்தரோன் சொல்லும். 28 நாள் சுற்றுள்ளவருக்கு 21ஆம் நாளில் இரத்தம் எடுப்பார்கள். ஆகவே மாதவிடாய்த் திகதிகளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒரு வருடம் பார்த்தும் தங்காவிட்டால், 35 வயது கடந்தவர் ஆறு மாதத்திலேயே, குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கணவரும் கூட வரட்டும். அவருக்கும் பரிசோதனை உண்டு.

கிளினிக் போன நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. அதை நாம் சங்கமாகக் கேட்போம். வீட்டில் பழி சொல்வதை இன்றே நிறுத்துவோம்.