வளைந்தது எது என்று பார்த்த பிறகு வாங்கலாம்

(‘விழுந்த பொருளைச் சீர்செய்வதா, மேம்படுத்துவதா?’ என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் கைத்தொலைபேசியைப் பற்றிச் சொன்னார். விழுந்து உடைந்தால் கவலை இல்லை, அதைவிட நல்லதாக ஒன்றை வாங்க அதுவே வாய்ப்பு என்றார். நான் இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து விழும் பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதோ, மேசைமேல் இருக்கிறதே, இந்த ரிமோட் ஹெலிகாப்டர். சேலை கட்டிக்கொண்டு நிகழ்ச்சி படைப்பவளுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்பது புரிகிறது. என் அம்மாவும் அதைத்தான் கேட்கிறார்.

இந்த அளவுள்ளதை ஓட்டுகிறவர்கள் ‘450’ என்பார்கள். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. இறக்கை ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர், பள்ளிப்பிள்ளைகளின் அடிக்கோலைவிடச் சற்றே நீளம். பறக்கும்போது அவை நிமிடத்துக்கு 2,500 சுற்றும் அதற்கு மேலும் சுழலும். நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் ஒவ்வோர் இறக்கையும் தன்னைப் பிடித்திருக்கும் இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடத்தான் பார்க்கும். கணக்குப் போட்டால் அந்த இழுவிசை 30 கிலோவுக்குக் குறையாது. ஓர் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டது மாதிரி. அத்தனையையும் தாங்குவது ‘ஸ்பிண்டில்’ என்ற மெல்லிய எஃகுத் தண்டும், அதன் இரு முனைகளில் இருக்கும் இரண்டு சின்னத் திருகாணிகளும்தான். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், மீண்டும் வரும்.

இது விளையாட்டுப் பொருள்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புருக்ளின் வட்டாரத்துப் பூங்கா ஒன்றில் 19 வயது இளைஞர் ஒருவர், தான் ஓட்டிய ஹெலிகாப்டரின் இறக்கை தலையில் பட்டு அங்கேயே இறந்துபோனார். அவர் புதியவர் அல்லர். நன்றாகப் பழகியவர். அவருடையது இதைவிடப் பெரியது என்பது உண்மைதான், ஆனாலும் இதற்கும் கண்ணையோ விரலையோ எடுக்கும் பலம் உண்டு.

என் கதைக்கு வருகிறேன். 2018-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. திடலில் நானும், என் அப்பாவும், அக்கா மகனும். அவனுக்கு அப்போது 9 வயது. ஹெலிகாப்டரின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் இடது வலதாகும், வலது இடதாகும். பழகுகிறவர்கள் எல்லாரும் கவிழும் இடம் அதுதான். நானும் கவிழ்ந்தேன். இறக்கை இரண்டும் சுள்ளிபோல் முறிந்தன. வால் குழாய் மடிந்தது. பெரிய பல்சக்கரத்தில் நான்கைந்து பற்கள் காணோம். “சித்தி, செத்துப்போச்சா?” என்று பையன் கேட்டான்.

அன்று மாலையே கடைக்குப் போனேன். இங்கேதான் எதிரணி நண்பர்கள் கைதட்ட வேண்டும், ஏனென்றால் நான் செய்தது முழுக்க முழுக்க மேம்பாடு. மர இறக்கைக்குப் பதில் கார்பன் இறக்கை. இறக்கையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிடிகளுக்குப் பதில் நீல நிறத்தில் பளபளக்கும் அலுமினியப் பிடிகள். உடைந்தது என்று கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மாற்றினேன். ஸ்பிண்டில் உடையவில்லை. கையில் எடுத்துப் பார்த்தேன், நேராகத்தான் தெரிந்தது. அதையே, அதே பழைய திருகாணிகளோடு, புதுத் தலைக்குள் செருகி முடுக்கினேன்.

மூன்று வாரம் கழித்து அதே திடல். தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் எழும்பியதும் வால் நடுங்க ஆரம்பித்தது. வால் துடுப்பு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. புதுசு அல்லவா, போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பத்து வினாடி இருக்கும். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். ஒரு பக்கத்து இறக்கை, அலுமினியப் பிடியோடு சேர்ந்து கழன்று பறந்தது. அக்கா மகன் கொஞ்சம் முன்புவரை உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியின் துணி கிழிந்து தொங்கியது. அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான்.

என் கால் நிற்கவில்லை, புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அக்காவிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

அப்பா பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்ததும் மேசைமேல் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்தார். ஸ்பிண்டிலைக் கழற்றித் துடைத்து, கண்ணாடியில் உருட்டினார். உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் தண்டுக்குக் கீழே ஒளிக்கீற்று தெரிந்து தெரிந்து மறைந்தது. தலைமுடி அளவு வளைவு. கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. “வளைஞ்சத உள்ள வச்சுட்டு மினுக்குறத வாங்கிட்டு வந்திருக்கியேம்மா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தண்டின் விலை கோப்பிக்கடையில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசு.

நேயர்களே, என் வாதம் இந்த ஒளிக்கீற்றுதான். விபத்துக்குப் பின் உடைந்த பொருள் நமக்கு ஆபத்து இல்லை. உடைந்ததைப் பார்த்ததும் மாற்றிவிடுகிறோம். உடையாமல் வளைந்தது எதுவோ அதுதான் அடுத்த விபத்தை உள்ளே வைத்திருக்கிறது. மேம்படுத்தும் ஆசை வந்துவிட்டால் கண் கடைப் பட்டியலுக்குப் போய்விடுகிறது, தண்டுக்குப் போவதில்லை.

அப்பா அன்று எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். மெயின் ஷாஃப்ட் என்ற நடுத்தண்டையும் அதேபோல் கண்ணாடியில் உருட்ட வேண்டும். பல்சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று, மெதுவாக, எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். ஒரு பல் போயிருந்தாலும் விரலுக்குத் தெரியும். சர்வோ என்ற குட்டி மோட்டார்களின் கையை முழுத் தூரமும் நகர்த்திப் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது ‘கடுக்’ என்று தட்டினால் உள்ளே பல் உடைந்திருக்கிறது. பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுழற்றினால் மணல் உரசுவது போலக் கேட்கக்கூடாது. தலைப்பகுதித் திருகாணிகளை மறுபடி பயன்படுத்தவே கூடாது, புதிதாகப் போட்டு, உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்தில் திரெட்லாக் என்ற நீலப் பசையை ஒரு சொட்டு வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு இறக்கையே இல்லாமல் ஒருமுறை மோட்டாரை ஓடவிட வேண்டும். அப்போதே நடுங்கினால் இறக்கையை மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு ஓர் இறக்கையின் நுனியில் வண்ண நாடா ஒட்டி, தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் இரண்டு மாலை நேரம் போகும். கடைக்குப் போய் வர ஒரு மணி நேரம். எது எளிது என்று கேட்டால் எதிரணிதான் ஜெயிக்கும்.

இன்னொன்று. பிளாஸ்டிக்கை ஏளனமாகப் பார்க்கிறோம். வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் எதற்கு? தான் எரிந்து மற்றதைக் காப்பாற்ற. பழகுகிறவரின் ஹெலிகாப்டரில் பிளாஸ்டிக் பிடியும் மர இறக்கையும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. தரையில் அடிபட்டதும் அவை நொறுங்கி, மோதலின் வேகத்தைத் தங்களோடு முடித்துக்கொள்கின்றன. அங்கே அலுமினியத்தையும் கார்பனையும் வைத்தால் அவை தப்பிக்கும். வேகம் அப்படியே தண்டுக்கும், சர்வோவுக்கும், சட்டத்துக்கும் இறங்கும். அதனால்தான் ‘உலோகம் போட்டேன், இனி உடையாது’ என்றவர்களின் அடுத்த ரசீது முந்தையதைவிட நீளமாக வருகிறது.

எல்லா மேம்பாடும் வீண் என்று சொல்ல மாட்டேன். பழைய ஹெலிகாப்டர்களில் இறக்கைக்கு மேலே எடைக் குண்டு போலத் துடுப்புகளோடு ஒரு குறுக்குக் கம்பி இருக்கும், ஃப்ளைபார் என்பார்கள். இப்போது அந்த நிலைநிறுத்தும் வேலையை ஒரு சின்ன மின்னணுப் பெட்டி செய்கிறது. கம்பிகளும் இணைப்புகளும் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டன, விழுந்தாலும் உடைவதற்குப் பொருள் குறைவு. அது நல்ல மாற்றம், நானும் மாற்றினேன், பழுதெல்லாம் தீர்ந்து ஆறு மாதம் கழித்து. ஆனால் எனக்குக் கிடைத்த சிறந்த மேம்பாட்டுக்கு ஒரு காசும் செலவில்லை. ரிமோட்டில் மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்சு ஒன்று உண்டு. கை தவறுகிறது என்று தெரிந்ததும் விரல் தானாக அங்கே போக வேண்டும். மோட்டார் நின்ற இறக்கை தரையில் படுவதும், முழு வேகத்தில் ஓடும் இறக்கை படுவதும் ஒன்றல்ல.

பேட்டரியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இதில் இருப்பது லித்தியம் பாலிமர். விழுந்ததும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். திறந்த தரையில் அரை மணி நேரமாவது தள்ளி வைத்துக் கவனியுங்கள். உப்பியிருந்தால், நசுங்கியிருந்தால் மறுபடி மின்னேற்றவே வேண்டாம், வீட்டுக் குப்பையோடு போடவும் வேண்டாம். 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் வீவக வீட்டில் ஏற்பட்ட தீயில் ஒருவர் உயிரிழந்ததும், எரிந்த தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் அங்கே கிடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நம் வீடுகளில் கதவுக்குப் பக்கத்தில்தான் எல்லாவற்றையும் மின்னேற்றுகிறோம்.

நாசாவின் ‘இன்ஜெனியூட்டி’ ஹெலிகாப்டர் செவ்வாய்க் கோளில் 72 முறை பறந்தது. 2024 ஜனவரியில் கடைசிப் பறப்பில் தரையிறங்கும்போது இறக்கைகள் முறிந்தன. ஸ்குரூடிரைவரோடு யாரும் போக முடியாத இடம். அப்படியும் அவர்கள் விடவில்லை; கிடைத்த படங்களையும் தரவுகளையும் வைத்துப் பல மாதம் ஆராய்ந்து, அந்த ஆண்டு டிசம்பரில் காரணத்தைச் சொன்னார்கள். கீழே பார்க்கும் கேமரா அடையாளம் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத வெறும் மணல் அலைகள். அதனால் வேகத்தைத் தப்பாகக் கணித்துக் கடினமாக இறங்கியது. முறிந்த இறக்கைகளின் அதிர்வில் ஓர் இறக்கையின் மிச்சமும் பிய்ந்து போனது. அடுத்ததைக் கட்டுவதற்கு முன் அவர்களுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. நமக்கோ பொருள் கையிலேயே இருக்கிறது, கண்ணாடியும் வீட்டிலேயே இருக்கிறது.

அக்கா மகனுக்கு இப்போது 16 வயது தாண்டிவிட்டது. இங்கே 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா வானூர்தியைப் பதிவு செய்துதான் பறக்கவிட வேண்டும், அதற்குக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும். தன் பெயரிலேயே பதிவு செய்யப் போகிறானாம். போன மாதம் சின்னதாக ஒரு விபத்து, இந்தமுறை அவன் கையில். மறுநாளே கைத்தொலைபேசியில் ஒரு நீண்ட பட்டியலோடு வந்தான். எல்லாம் அலுமினியம். நான் ஒன்றும் சொல்லவில்லை, அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். உருட்டினான். ஸ்பிண்டில் நேராக இருந்தது, நடுத்தண்டில் ஒளி தெரிந்தது.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார்.